மராமத்து நாளில் ஒரு மணக்குளியல்

புதன்கிழமை காலையில் பத்தூல் சுட்ட முதல் ரொட்டி கருகியது. இரண்டாவதும் கருகியது. மூன்றாவதைத் திருப்பிப் போடும்போதுதான் அடுப்பு முழு வேகத்தில் எரிந்துகொண்டிருப்பதைக் கவனித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ரொட்டி வாங்கக் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். மகள் கல்யாணம் நெருங்கினால் எந்தத் தாய்க்கும் கை இப்படித்தான் ஓடும் என்று பால்கடைக்காரர் மனைவி மற்றவர்களுக்குச் சமாதானம் சொன்னாள். பத்தூலும் சிரித்து வைத்தாள். அவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

உண்மையில் அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது நேற்று மாலை போனில் வந்த குரல்தான். சனிக்கிழமை கல்யாணம். அதற்கு முன்னால் மணப்பெண்ணுக்கு ஹம்மாமில் குளியல். தெருமுனையில் இருக்கும் அந்தப் பொதுக் குளியல்கூடத்தை வியாழக்கிழமை முழுவதற்கும் தானே பேசி முடித்துவிட்டதாக மாப்பிள்ளையின் தாய் ருக்கையா சொன்னாள். இரண்டு வீட்டுப் பெண்களும் வர வேண்டும். மெழுகுவர்த்தி, பன்னீர், மருதாணி எல்லாம் அவள் பொறுப்பு.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் உங்க பொறுப்பு, சம்பந்தி. முதல் தண்ணி தாய் கையாலதான் ஊத்தணும். எங்க வீட்டு வழக்கம்."

பத்தூல் சரி என்று சொல்லி போனை வைத்தாள். 

மொராக்கோவின் மெக்னெஸ் நகரத்துப் பழைய வீடுகளில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் வாரம் ஒரு நாள் ஹம்மாம் உண்டு. பத்தூலுக்கும் இருந்தது. பெண் பார்ப்பது, சண்டை போடுவது, சமாதானம் ஆவது, கடன் கேட்பது எல்லாம் அந்த நீராவிக்குள்தான் நடக்கும். அவளையே கணவன் ஜிலாலியின் தாய் மருமகளாகத் தேர்ந்தெடுத்தது அங்கேதான். ஆனால் அவள் அதற்குள் கால் வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போன வருஷம் ஃபெஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். தெருவுக்குச் சொன்னது வேறு. பித்தப்பையில் கல் என்று சொன்னார்கள். வீட்டில் இருக்கும் நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவள், கணவன் ஜிலாலி, மகள் இஹ்ஸான், மாடியில் குடியிருக்கும் நாத்தனார் ஹனியா.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டு அவிழ்த்த மாதத்தில்தான் ஆலிவ் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் ருக்கையா வீட்டிலிருந்து இஹ்ஸானைப் பெண் கேட்டு வந்தார்கள். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று பேசுகிற ஊர். பத்தூல் வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய் மூடியபடியே இருந்துவிட்டது.

நேற்று ராத்திரியே அவள் முடிவு செய்துவிட்டாள். வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வரும்.

ஜிலாலி கல்யாணத்துக்காக லீவு போட்டிருந்தார். ஃபெஸ் போகும் பஸ்ஸில் டிரைவர். சிகிச்சைக்குப் போன நாட்களில் எல்லாம் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டில்தான் அவளை உட்கார வைத்துக் கூட்டிப் போவார். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவார். அவள் கண் மூடினால் பஸ்ஸில் யாரும் பாட்டுப் போடக் கூடாது.

புதினா டீயை உயரத் தூக்கி ஊற்றியபடி அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். காய்ச்சல் யோசனை அவருக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை.

"நானே சொல்றேன் சம்பந்திகிட்ட. டிரைவர் பொய் சொன்னா யாருக்கும் சந்தேகம் வராது. தினமும் 'இதோ அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடும்'னு சொல்லிப் பழகின வாய் இது."

பத்தூலுக்குச் சிரிப்பு வந்தது. அவர் டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அதற்குப் பிறகு சொன்னதை மெதுவாகச் சொன்னார்.

"ஆனா அந்தத் தண்ணியை நீ ஊத்தலன்னா, அப்புறம் உட்கார்ந்து அழப்போறது நீதான். அதையும் நான்தான் பாக்கணும்."

அவள் தேன் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹனியா இறங்கி வந்தாள். ஜிலாலிக்குத் தங்கை, புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டு மாடிக்கு வந்தவள். தெருமுனை ஹம்மாமின் வாசலில் உட்கார்ந்து காசு வாங்கிப் போட்டு, குளிக்க வருகிறவர்களின் துணிமூட்டைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் உள்பாவாடையும் தனக்குத் தெரியும் என்று பெருமை அடித்துக்கொள்வாள். ஆனால் ஒருத்தி விஷயம் இன்னொருத்திக்குப் போகாது.

வந்ததும் அண்ணனை ஏதோ சாமான் வாங்க வெளியே அனுப்பினாள். அவர் போகும்வரை ரொட்டியைக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

"மதினி, இன்னைக்கு மத்தியானம் நீ ஹம்மாமுக்கு வா."

பத்தூல் நிமிர்ந்தாள். இன்றைக்கு அங்கே மராமத்து ஆயிற்றே என்றாள். குளிர்காலத்திலிருந்து மாதத்தின் கடைசிப் புதன்கிழமை அந்தக் கதவில் மராமத்துப் பலகை தொங்கும். மெக்னெஸ்ஸில் இத்தனை ஓட்டைக் குழாய் வேறு எங்கேயும் கிடையாது என்று தெரு ஆண்கள் கேலி பேசுவார்கள்.

குழாயெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஹனியா சொன்னாள். அந்தப் பலகை நஜியா அக்கா சங்கத்தின் ஏற்பாடு.

நஜியாவைப் பத்தூலுக்கு நன்றாகத் தெரியும். ஓய்வுபெற்ற நர்ஸ். தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, புற்றுநோய் வந்த பெண்களுக்காக ஒரு உதவிச் சங்கம் நடத்துகிறாள். வசந்தம் வந்தால் பள்ளிக்கூட முற்றத்தில் சந்தை போடுவார்கள். பலகாரம், பழைய கல்யாண உடை, பின்னல் சட்டை என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து விற்பார்கள். அந்தப் பணத்தில்தான் ஏழைப் பெண்கள் சிகிச்சைக்குப் போய்வர பஸ் கட்டணம், தங்க இடம், முடி கொட்டியவர்களுக்குத் தலைத்துணி, மார்பு எடுத்தவர்களுக்கு உள்ளாடையில் வைத்துக்கொள்ளப் பஞ்சுப் பை எல்லாம். சந்தைக்கு வருஷா வருஷம் பெரிய கூடை ரொட்டி பத்தூல் வீட்டிலிருந்து போகும். இந்த வருஷம் நஜியா எல்லார் முன்னிலையிலும் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். பத்தூலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நேரத்தில் பத்தூலின் நீள அங்கி ஜிலாபாவுக்குள் இருந்ததே சங்கத்துப் பெண்கள் தைத்த பஞ்சுப் பைதான். வேறு தெருவில் ஒருத்திக்கு என்று சொல்லி ஹனியா வாங்கி வந்து கொடுத்தது.

அறுவை முடிந்த பெண்கள் கூச்சத்தில் ஹம்மாம் பக்கமே வருவதில்லை, வீட்டுக்குள் வாளித் தண்ணீரில் ஒளிந்து குளிக்கிறார்கள் என்று நஜியாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் மாதத்தில் ஒரு நாள் கதவைச் சாத்தி, அவர்களுக்கு மட்டும் திறக்கிறார்கள். உலைக்கு எரிபொருள் சங்கம் பார்த்துக்கொள்கிறது. தேய்த்துவிடும் பெண்கள் கூலி வாங்குவதில்லை.

"நல்ல காரியம்தான். அந்தப் பொம்பளைங்களுக்கு அது வேணும்" என்றாள் பத்தூல்.

"எந்தப் பொம்பளைங்களுக்கு, மதினி?"

பத்தூலின் கை மாவில் அப்படியே நின்றது.

பிறகு கோபம் வந்தது. தன்னைப் பற்றி யாரிடம் சொன்னாய் என்று கேட்டாள். யாரிடமும் சொல்லவில்லை என்றாள் ஹனியா. இத்தனை மாதமும் கேட்காமல், கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை பார்த்து எதற்குக் கூப்பிடுகிறாய் என்று கேட்டாள். நாளைக்குக் கூட்டத்தோடு போய் நிற்பதைவிட இன்றைக்குப் போவது சுலபம் என்பதால்தான் என்றாள் ஹனியா. அந்தச் சங்கம் இருப்பது இல்லாதவர்களுக்காக, தன்னை மாதிரி புருஷனும் வீடும் இருக்கிறவளுக்காக அல்ல என்றாள் பத்தூல்.

"அங்க வர்றவங்களுக்கும் புருஷன் இருக்கான், வீடு இருக்கு. ஒரு பக்கம்தான் இல்ல" என்றாள் ஹனியா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மதினியின் கன்னத்தில் மாவுக் கையோடு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஹம்மாம் வாசலில் யாரும் இல்லை, போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

மத்தியானம் இஹ்ஸான் வந்தாள். மருந்துக்கடையில் வேலை. கல்யாண வாரத்திலும் காலையில் போய்விட்டுத்தான் வருவாள். வீட்டில் இருந்தால் ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள் என்பது அவள் காரணம். உள்ளே வந்தவள் நேராகப் பரணில் இருந்த பித்தளை வாளியை இறக்கினாள். அதில் கறுப்புச் சோப்பு, தேய்க்கும் கையுறை, சீப்பு, துண்டு எல்லாவற்றையும் அடுக்கினாள்.

எங்கே என்று தாய் கேட்டாள்.

"குளிக்க. ஹனியா மாமி கடைக்கு வந்து சொன்னாங்க. நான் நஜியா அக்காகிட்ட கேட்டுட்டேன். அவங்க சரின்னுட்டாங்க. என் மணக்குளியல் இன்னைக்குத்தான்."

பத்தூலுக்கு முதலில் புரியவில்லை. நாளைக்குத்தானே என்றாள். நாளைக்கும் போகிறேன், ருக்கையா மாமியின் மெழுகுவர்த்தி, பாட்டு எல்லாம் இருக்கட்டும், ஆனால் முதல் தண்ணீர் நாளைக்கு இல்லை என்றாள் மகள்.

"அங்க நோய் வந்தவங்க குளிக்கிறாங்க இஹ்ஸான். மணப்பொண்ணு நீ."

"என் உம்மாவும் நோய் வந்தவங்கதான்."

 விஷயம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா என்று பத்தூல் கேட்டாள். நாளைக்கு உன் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள். மாப்பிள்ளை ஸக்கரியா என்ன நினைப்பான். கல்யாணம் நிற்பதற்குச் சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது.

இஹ்ஸான் வாளியைக் கீழே வைத்தாள்.

"அவருக்குத் தெரியும்மா. பொண்ணு கேட்டு வர்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன்."

பத்தூல் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னான்?"

"உங்க உம்மா இப்போ எப்படி இருக்காங்கன்னு கேட்டார். வேற ஒண்ணும் கேக்கல. சங்கத்துச் சந்தையில நாற்காலி தூக்கிப் போட வந்தாரே, ஏன்னு நினைச்சீங்க?"

எண்ணெய்ச் செக்கு வீட்டுப் பிள்ளை இவ்வளவு பணிவா என்று அன்றைக்குத் தான் ஆச்சரியப்பட்டது பத்தூலுக்கு ஞாபகம் வந்தது. அவன் தாய்க்கும் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றாள் இஹ்ஸான். அது உம்மா சொல்ல வேண்டிய விஷயம், நாம் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

மகள் வாளியை மறுபடியும் தூக்கிக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை.

"நாளைக்கு நீங்க காய்ச்சல்னு படுத்துக்கோங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். இன்னைக்கு வந்து ஒரு சொம்பு ஊத்திட்டுப் போங்க. வரலன்னா ஹனியா மாமி ஊத்தட்டும்."

கதவு சாத்திக்கொண்டது.

வீடு அமைதியாக இருந்தது. பத்தூல் எழுந்து அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பை மறுபடியும் துடைத்தாள். ஹனியா ஊற்றட்டும், அவளும் தாய் மாதிரிதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இஹ்ஸான் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியதே ஹனியாதான். அவள் ஊற்றினால் என்ன குறை.

குறை இருந்தது. 

துண்டு எடுக்கவில்லை, சோப்பு எடுக்கவில்லை. முக்காட்டை மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஊற்றிவிட்டு உடனே வந்துவிடலாம். ஜிலாபாவைக்கூடக் கழற்ற வேண்டாம்.

ஹம்மாம் கதவில் பலகை தொங்கியது. அவள் தட்டுவதற்கு முன்பே ஹனியா கதவைத் திறந்தாள். மதினியை ஏற இறங்கப் பார்த்து வழி விட்டாள். 

உடை மாற்றும் அறையின் கல் பெஞ்சில் நஜியா உட்கார்ந்திருந்தாள். பத்தூலைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தேன் என்றாள் பத்தூல். தெரியும் என்று தலையாட்டினாள் நஜியா. பஞ்சுப் பை தோளில் உறுத்தாமல் இருக்கிறதா, பட்டையைக் கொஞ்சம் அகலமாகத் தைக்கச் சொல்லட்டுமா என்று சாதாரணமாகக் கேட்டாள்.

பத்தூல் ஹனியாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹனியா சொல்லல. வேற தெருவுக்காரிக்குன்னு அளவு கேட்டா. அளவு உன் அளவு. நான் நாற்பது வருஷம் நர்ஸு. நீயா வர்றப்ப வரட்டும்னு இருந்தேன்."

பத்தூல் முக்காட்டை எடுத்தாள். பிறகு ஜிலாபாவின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.  ஹனியா வந்து குனிந்து கீழ்ப் பொத்தான்களைக் கழற்றினாள். பஞ்சுப் பையை வாங்கி, மற்ற மூட்டைகளைப் போலவே அதையும் ஒரு துணியில் சுற்றி மாடத்தில் வைத்தாள். இடுப்பில் கட்ட ஒரு துண்டு கொடுத்தாள்.

வெந்நீர் அறையின் கதவைத் தள்ளியதும் நீராவி முகத்தில் அடித்தது. பத்தூல் மூச்சை இழுத்தாள். ஈரக் கல்லும் சோப்பும் வெந்த களிமண்ணும் கலந்த அந்த வாசனைக்காக அவள் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். சுவரோரமாக, தொட்டிகளின் பக்கத்தில், அவரவர் வாளிகளோடு. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்தூல் கையை மார்பின் மேல் கொண்டுபோனாள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை, இவள் ஏன் மறைக்கிறாள் என்றும் யாரும் கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள்.

பக்கத்தில் இருந்தவள் சஃபியா. இரண்டு தெரு தள்ளி வீடு, பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. பத்தூல் கையை இறக்கியதும் நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"உனக்கு இடது பக்கமா. எனக்கு வலது. நாம ரெண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்தா ஒரு ஜோடி சரியா வந்துடும்."

சத்தம் சுவரில் மோதித் திரும்பும் அளவுக்கு எல்லாரும் சிரித்தார்கள். பத்தூலும் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. நீராவியில் யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் அங்கே அது புதிதல்ல. சஃபியா ஒரு சொம்பு வெந்நீரை அவள் தலையில் ஊற்றி, வாயை மூடு, சோப்பு போகும் என்றாள்.

நடுவில் இஹ்ஸான் உட்கார்ந்திருந்தாள். கூந்தலை விரித்துப் போட்டிருந்தாள். தாயைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து முதுகை நேராக்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஹனியா பித்தளை வாளியை நிரப்பி வைத்தாள். பத்தூல் சொம்பை முக்கி எடுத்தாள். அறுவை ஆன பக்கத்துக் கையை உயரத் தூக்கினால் இன்னும் இழுக்கும். அந்தக் கையாலேயே தூக்கினாள். பிஸ்மில்லாஹ் சொல்லி மகளின் தலையில் ஊற்றினாள். தண்ணீர் கூந்தலில் இறங்கி, தோளில் வழிந்து, கல்லில் ஓடியது.

சஃபியாதான் முதலில் குலவையிட்டாள். அடுத்து எல்லாரும். தலையில் இன்னும் முடி முளைக்காத ஒரு இளம் டீச்சர், எல்லாரையும்விட நீளமாக மூச்சுப் பிடித்துக் குலவையிட்டாள். கூரை அதிர்ந்தது. ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றி ஆளுக்கு ஒரு வாழ்த்துச் சொன்னார்கள். புருஷன் குறட்டை விடாதவனாக இருக்கட்டும் என்றாள் ஒருத்தி. மாமியார் ஊருக்கு அடிக்கடி போகிறவளாக இருக்கட்டும் என்றாள் இன்னொருத்தி.

"மாமியார் எந்த ஊருக்கும் போகல. வாசல்லதான் நிக்கிறா."

குரல் வெளி அறையிலிருந்து வந்தது. எல்லாரும் அடங்கினார்கள். 

ருக்கையாவின் குரல். நாளைய ஏற்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாள். ஹனியா உள்ளே வந்துவிட்டதால் வாசலில் காவல் இல்லை. இன்றைக்கு அறுவை ஆன பெண்களின் நாள் என்று நஜியா அவளிடம் பதமாகச் சொல்வது கேட்டது. அது எனக்குத் தெரியாதா, சங்கத்துக்காக உலையில் எரிக்க எங்கள் செக்குப் பிண்ணாக்கை அனுப்பியதே நான்தானே என்றாள் ருக்கையா. ஆனால் உள்ளே கேட்கும் சிரிப்பு என் மருமகள் சிரிப்பு அல்லவா. அவள் இங்கே என்ன செய்கிறாள்.

இஹ்ஸான் எழுந்தாள். பத்தூல் அவள் தோளை அழுத்தினாள்.

"நீ உட்காரு. நான் போறேன்."

துண்டை உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். ஈரத் துண்டு ஒரு பக்கம் எழுந்தும் ஒரு பக்கம் தட்டையாகவும் ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. அப்படியே வெளியே வந்தாள்.

ருக்கையா நல்ல உயரம். வெளிர்பச்சைக் கஃப்தான் அங்கி, கையில் பட்டுத்துணி மூட்டை. பேசிக்கொண்டே திரும்பியவள் பத்தூலைப் பார்த்தாள். பார்வை முகத்திலிருந்து இறங்கியது, நின்றது, மறுபடியும் முகத்துக்கு வந்தது.

"பித்தப்பை இல்ல, சம்பந்தி" என்றாள் பத்தூல். "போன வருஷம் இதைத்தான் எடுத்தாங்க. உங்ககிட்ட சொல்லாம இருந்தது நான். என் பொண்ணு மேல தப்பு இல்ல. நாளைக்கு வராம இருக்கக் காய்ச்சல்னு சொல்றதா இருந்தேன்."

ருக்கையா பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.  கடைசியில் கேட்டது ஒரே கேள்வி.

"என் பிள்ளைக்குத் தெரியுமா?"

பத்தூல் பொய் சொல்லி அலுத்திருந்தாள். முதலிலிருந்தே தெரியும் என்றாள்.

ருக்கையாவின் முகம் சிவந்தது. பத்தூல் எதிர்பார்த்த வார்த்தைகள் எல்லாம் ரத்தம், வம்சம், ஏமாற்று என்று இருந்தன. அதில் ஒன்றும் வரவில்லை.

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் அனுப்பின பிண்ணாக்கை எரிச்சு, அந்தத் தண்ணியில என் மருமகளைக் குளிப்பாட்டுறீங்க. குலவை போடுறீங்க. ஊர்ல யார் யாரோ ஒரு சொம்பு ஊத்திட்டாங்க. என்னைக் கூப்பிடணும்னு ஒருத்தருக்கும் தோணல. நான் அவ்வளவு பொல்லாதவளா, சம்பந்தி?"

குரல் கடைசியில் உடைந்தது. அதை மறைக்கப் பட்டு மூட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டாள். கதவில் பலகை ஆடிக்கொண்டிருந்தது.

நஜியா மூட்டையைத் தொடவில்லை. யாரும் தொடவில்லை. முடிச்சு தளர்ந்து உள்ளே இருந்த புது வெள்ளைத் துண்டும் பன்னீர்ச் சீசாவும் தெரிந்தன. மணப்பெண்ணுக்குக் கொடுத்ததா, இனி வேண்டாம் என்று விட்டுப்போனதா. பத்தூலுக்கும் தெரியவில்லை.

இஹ்ஸான் கதவோரத்தில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கோபமா போனாங்க என்று கேட்டாள்.

"கோபம் இல்ல. வருத்தம்" என்றாள் பத்தூல். சொல்லும்போதே அது தனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தாள். இத்தனை மாதம் அந்தப் பெண்ணை நினைத்துப் பயந்தாளே தவிர, அவளுக்கும் மனசு வலிக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஹனியா வெளிக்கதவை ஒரு விரல் அளவு திறந்து தெருவை எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மதினி, தெருவோட மறுமுனையில சம்பந்தி கார் நிக்குது. ஏறி உட்கார்ந்திருக்காங்க. டிரைவர் கீழ இறங்கி சிகரெட் புடிக்கிறான். கிளம்பல."

பத்தூல் பெஞ்சில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். ஈரக் கூந்தல் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ உள்ள போ, குளிர்ந்துடும். ஹனியா, இன்னொரு வாளியில தண்ணி புடிச்சு வை."

"யாருக்கு?"

பத்தூல் மாடத்திலிருந்து தன் ஜிலாபாவை எடுத்தாள். ஈர உடம்பின் மேலேயே மாட்டினாள். பஞ்சுப் பை சுற்றியிருந்த துணியை எடுக்கவில்லை. வெறுங்காலோடு வாசற்படியைத் தாண்டி, வெயிலில் மறுமுனையில் நின்ற காரை நோக்கி நடந்தாள்.